தண்ணி எப்படி, ஆஸ்பத்திரி எங்கே, ஸ்கூல் இருக்கா? மலையேறிக் குடியேறிய ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் கதை

வேலை மாற்றலாகிப் புது ஊருக்குப் போகிறவர்கள் வீடு பார்ப்பதற்கு முன்பே கேட்கிற கேள்விகள் மூன்று: தண்ணி எப்படி? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பசங்களுக்கு நல்ல ஸ்கூல் இருக்கா? கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன்மலைக்குப் போஸ்டிங் ஆகிற ஆசிரியரோ, டாக்டரோ, வங்கி ஊழியரோ இன்றும் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் குடும்பத்தைக் கீழேயே வைத்துவிட்டு, தான் மட்டும் பஸ் ஏறிப் போய் வருவது வழக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த மூன்று கேள்விக்குமே 'இல்லை' என்று பதில் வந்த ஒரு மலையில், மனைவியோடு போய்க் குடியேறினார் ஓர் இங்கிலாந்துக்காரர். பெயர் ஜெஸ்ஸி பிராண்ட். மனைவி எவலின். அவர்கள் வீடு கட்டியது கொல்லிமலையில். ஆனால் அவர்கள் மனசுக்குள் போட்டு வைத்திருந்த பட்டியலில் ஐந்து மலைகள் இருந்தன: கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை, பெரியமலை, சித்தேரி. கணவர் முதல் மலையைத் தாண்டுவதற்குள் இறந்துபோனார். மனைவி கிழவியான பிறகு, மட்டக்குதிரையில் மீதி மலைகளுக்குக் கிளம்பினார்.

மத விஷயத்தில் இவர்களைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், ஒரு குடும்பம் அந்நிய நாட்டில் அன்றாடம் எப்படிப் பிழைத்தது என்பதற்கு இவ்வளவு விவரமாகப் பதிவான வாழ்க்கைகள் தமிழ்நாட்டில் குறைவு. காரணம் அவர்களுடைய மகன். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் மீட்டுக்கொடுத்து உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட், தன் மலைச் சிறுவயதைப் பற்றி நிறைய எழுதினார்.

எந்த மலை, யாருடைய மலை?

சேலம் - ஆத்தூர் - சின்னசேலம் சாலையில் போகும்போது வடக்கே தெரிவது கல்வராயன். தெற்கே பச்சைமலை. அதற்கு மேற்கே கொல்லிமலை. எல்லாமே கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். எல்லாவற்றிலும் பெரும்பான்மையாக வாழ்கிறவர்கள் மலையாளிப் பழங்குடிகள். பெயரைப் பார்த்துக் கேரளாக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்பதால் மலையாளி. பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பிரிந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் வழிவழிக் கதை. அதாவது, அவர்களுடைய கதையிலேயே அவர்களும் குடியேறியவர்கள்தான்.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இந்த மலைகள் என்றால் பயம். கொல்லி என்ற பெயருக்கே 'கொல்லும் மலை' என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள். கொன்றது பேயோ பிசாசோ இல்லை, மலேரியா. ராத்திரி மலையில் தங்கினால் காய்ச்சல் வரும் என்று வியாபாரிகள்கூட இருட்டுவதற்குள் இறங்கிவிடுவார்களாம். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அதற்கு முன்பே, இரவில் தங்காதே என்ற அறிவு சமவெளி வியாபாரிக்கு இருந்தது. காரணம்தான் தெரியாது.

கல்யாணம் முடிந்து நேராக மலைக்கு

ஜெஸ்ஸி 1907-ல் இந்தியா வந்தார். கட்டுமானத் தொழில் செய்யும் குடும்பம். ஊர் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு. டாக்டர் கிடையாது. வெப்பமண்டல நோய்களைப் பற்றி மிஷனரிகளுக்குச் சொல்லித்தரும் ஓராண்டுப் பயிற்சி மட்டும் முடித்திருந்தார். எவலின் லண்டனில் வசதியான வீட்டுப் பெண். ஓவியம் பயின்றவர். இருவருக்கும் 1913 ஆகஸ்டில் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 34. அன்றைய கணக்கில் 'லேட் மேரேஜ்'. கல்யாணம் முடிந்த கையோடு, கொட்டும் மழையில், புது மனைவியை அழைத்துக்கொண்டு மலையேறினார் ஜெஸ்ஸி.

அப்போது கொல்லிமலைக்குச் சாலை இல்லை. இன்று நாம் செல்ஃபி எடுக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் பிற்காலத்து விஷயம். ஏற வேண்டுமானால் நடக்கணும், அல்லது டோலி. இரண்டு பக்கமும் ஆள் தூக்க, நடுவில் தொங்கும் தூளி மாதிரியான ஏற்பாடு. டோலி என்றதும் பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. சாலை இல்லாத மலைக்கிராமத்தில் இருந்து கர்ப்பிணியை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் இன்னும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது.

வாழவந்தி என்ற ஊரில் வீடு. கட்டியவர் ஜெஸ்ஸியே. மரத்தைக் கீழே அறுத்து, அளவு பார்த்துச் செதுக்கி, ஆட்கள் தலையில் ஏற்றி மேலே கொண்டுபோய்ப் பொருத்தினார்கள். தரையில் இருந்து உயர்த்திக் கால்கள் மேல் நிறுத்திய வீடு. அந்தக் கால்களின் உச்சியில் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி உலோகத் தட்டுகள். எதற்கு? கரையான். கரையான் மண் குழாய் கட்டிக்கொண்டு கம்பத்தில் ஏறும். தட்டின் விளிம்பு வந்ததும் தலைகீழாகத் திரும்பி மேலே போக முடியாமல் நின்றுவிடும். கொத்தனார் வீட்டுப் பிள்ளையின் புத்தி. மருத்துவப் படிப்பைவிட இந்தப் புத்திதான் பின்னால் அவருக்கு அதிகம் உதவியது.

பொதுவாக அந்தக் காலத்து மிஷன் பங்களா என்றால் சமவெளியில் சுற்றுச்சுவர், தோட்டம், சமையல்காரர், பங்கா இழுக்கும் ஆள் என்று இருக்கும். வெயில் தாங்காவிட்டால் கொடைக்கானலுக்குப் போய்விடுவார்கள். கொடைக்கானலே அப்படி உருவான ஊர்தான். 1845-ல் அங்கே முதல் வீடுகளைக் கட்டியவர்கள் மதுரை அமெரிக்க மிஷனரிகள். பிராண்ட் குடும்பம் போன மலையில் அப்படி ஒரு காலனி இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்று ஒருவர் கிடையாது. பேச்சுத் துணைக்கு, பால் வாங்க, பிரசவத்துக்கு உதவிக்கு என எல்லாவற்றுக்கும் உள்ளூர் ஆட்கள்தான். தமிழ் தெரியாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

உள்ளூர்க்காரர்கள் எப்படிப் பார்த்தார்கள்?

சந்தேகத்தோடுதான். வேறு எப்படிப் பார்ப்பார்கள்? மேலே இருந்து வருகிறவன் வரி கேட்பான், கீழே இருந்து வருகிறவன் கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்குவான் என்பது மலை மக்களின் அனுபவம். இதில் புதுச் சாமியோடு வந்த வெள்ளைக்காரனுக்கு என்ன வரவேற்பு கிடைக்கும்? உள்ளூர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். அவர்களோடு சேரக்கூடாது என்றார். பூசாரி பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் நியாயமும் உண்டு. வந்தவர்கள் தன் தெய்வத்தையும் தன் பிழைப்பையும் சேர்த்தே அசைக்கப் போகிறார்கள் என்பதை ஊரிலேயே முதலில் புரிந்துகொண்டவர் அவர்தான். முதல் சில ஆண்டுகள் யாரும் மதம் மாறவில்லை. ஆனால் பல் பிடுங்க வந்தார்கள். கட்டி கீற வந்தார்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தார்கள்.

நிலைமை மாறியது 1918-19-ல். உலகப் போர் முடியும் நேரத்தில் பரவிய இன்ஃபுளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. கோவிட் காலத்தை நினைத்துப் பாருங்கள். தடுப்பூசி இல்லை, ஆக்ஸிஜன் இல்லை, பாராசிட்டமால்கூட இல்லை. மலைக்கும் அது ஏறி வந்தது. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் தண்ணி எடுக்க ஆளிருக்காது, அடுப்பு எரியாது. பலர் காய்ச்சலால் மட்டும் சாகவில்லை. ஒரு வாய் கஞ்சி ஊற்ற ஆளில்லாமலும் செத்தார்கள். ஜெஸ்ஸியும் எவலினும் பானையில் கஞ்சி காய்ச்சி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். அது மருந்து இல்லைதான். ஆனால் அன்று அதைவிடப் பெரிய மருந்து உலகத்தில் யாரிடமும் இல்லை.

அந்தக் காய்ச்சலில் பூசாரியும் அவர் மனைவியும் விழுந்தார்கள். சாகும் தறுவாயில் பூசாரி, தன் கைக்குழந்தையை வளர்க்கச் சொல்லி ஒப்படைத்தது தன் எதிரியான ஜெஸ்ஸியிடம். குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். பாலுக்கும் தங்கை கானிக்கும் கூடவே இன்னொரு தங்கையாக அவள் வளர்ந்தாள். அதன்பிறகுதான் ஊரின் கதவு திறந்தது என்று மிஷன் வரலாறு சொல்கிறது. சரிதான். கூடவே இன்னொன்றையும் கவனிக்கலாம்: வேறு எந்தக் கைக்கும் போக முடியாத ஒரு குழந்தையின் நிலைமை அது. நம்பிக்கை எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று இன்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

தண்ணியில் இருந்த புழு

இனி முதல் கேள்விக்கு வருவோம். மலையில் ஓடை இருக்கிறது, ஊற்று இருக்கிறது, தண்ணிக்கு என்ன குறை என்று தோன்றும். குறை தண்ணிக்குள் இருந்தது. நரம்புச் சிலந்தி. இளம் வாசகர்கள் பலர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். அதுவே ஒரு வெற்றி.

நரம்புச் சிலந்தி என்பது நூல் போல மெல்லிய, கை நீளத்துக்கு மேல் வளரும் ஒரு புழு. அதன் குட்டிகளைத் தின்ற கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சிகள் தண்ணீரில் இருக்கும். அந்தத் தண்ணீரைக் குடித்தால் பூச்சி செரித்துவிடும், புழு மட்டும் உடம்புக்குள் தங்கி வளரும். சுமார் ஓராண்டு கழித்துக் காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். நெருப்பு வைத்த மாதிரி எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் காலைத் தண்ணீரில் வைப்பார். வைத்த நொடியில் புழு ஆயிரக்கணக்கில் குட்டிகளைத் தண்ணீரில் கொட்டிவிடும். படிக்கட்டு இறங்கிக் குடம் மொள்ளும் கிணறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். ஒருவர் கால் வைத்தால் ஊரே குடிக்கும்.

புழுவை வேகமாக இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும். ஒரு குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கணும். நாள்கணக்கில் ஆகும். ஜெஸ்ஸி இதைப் பொறுமையாகச் செய்தார். ஆனால் எத்தனை புழுவைத்தான் இழுப்பது? இங்கேதான் அந்தக் கொத்தனார் புத்தி. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பு, யாரும் காலை நனைக்காதபடி செய், வாளி கட்டி இறை. மருந்து எதுவும் தேவையில்லை. எவலினும் கிழவியான பிறகு போன மலையெல்லாம் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அறுபது ஆண்டுகள் கழித்து இந்திய அரசின் நரம்புச் சிலந்தி ஒழிப்புத் திட்டமும் இதே வழியில்தான் போனது. படிக்கிணறுகளை மாற்றுவது, தண்ணீரைத் துணியில் வடிகட்டுவது, நோயாளியைத் தண்ணீரில் இறங்கவிடாமல் தடுப்பது. தடுப்பூசியோ மாத்திரையோ இல்லாமலேயே, 2000-ல் இந்தியா நரம்புச் சிலந்தி இல்லாத நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

மரத்தின் மேல் ஒரு வகுப்பறை

ஸ்கூல்? அம்மாதான் ஸ்கூல். இன்றைய ஹோம் ஸ்கூலிங் மாதிரி ஆப், வொர்க்‌ஷீட் எல்லாம் கிடையாது. பாலுக்கு நாற்காலியில் உட்காரவே பிடிக்காது. மரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்துகொள்வான். கணக்குப் போட்டதும் தாளைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவான். எவலின் திருத்தி மேலே அனுப்புவார். மற்ற நேரம் அப்பாவோடு சுற்றல். கரையான் புற்றை வெட்டி உள்ளே அறைகள் எப்படி இருக்கின்றன என்று ஜெஸ்ஸி காட்டுவார். வெறுங்கால். உள்ளூர்ப் பிள்ளைகளோடு விளையாட்டு. வீட்டுக்குள் ஆங்கிலம், வெளியே தமிழ்.

உள்ளூர்ப் பாடம் எடுத்தவர்களும் உண்டு. பால் பிராண்ட் பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம் மலையில் வயல் வைத்திருக்கிறவர்களுக்கு உடனே புரியும். படிப்படியாக இறங்கும் நெல்வயல்களில் சிறுவர்கள் தவளை பிடித்து விளையாடுகிறார்கள். நாற்று மிதிபட்டு, தண்ணி கலங்கி, மேல்வயலில் இருந்து கீழ்வயலுக்கு வழிகிறது. தடி ஊன்றிக்கொண்டு ஒரு தாத்தா வருகிறார். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்கிறார். அந்த ஒரு கை மண் ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேருக்குச் சோறு போடும், வரப்பு தாண்டிக் கலங்கல் தண்ணியோடு ஓடினால் அது மறுபடி மலையேறி வருமா என்று கணக்குப் போட வைக்கிறார். அமெரிக்காவில் குடியேறி முதுமை அடைந்த பிறகும், மண் அரிப்பைப் பற்றிப் பேசும்போது பால் பிராண்ட் இந்தத் தாத்தாவைத்தான் சொன்னார். மிஷனரி குடும்பம் மலைக்குப் பாடம் சொல்ல வந்தது என்று மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

ஒருநாள் வீட்டு வாசலுக்குத் தொழுநோயாளிகள் மூன்று பேர் வந்தார்கள். ஜெஸ்ஸி கையுறை போட்டுப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். கையுறை போட்ட அப்பாவைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர்கள் இருந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டார். எந்த நோயாளியையும் தொட்டுப் பழகிய பெற்றோருக்கே இந்த ஒரு நோயில் மட்டும் பயம். மகன் பிற்பாடு அந்த நோயையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்.

ஒன்பது வயதில் ஒரு பிரிவு

வெளிநாட்டில் குடியேறிய மிஷனரி குடும்பங்களின் வாழ்க்கையில் மிகக் கடினமான பகுதி பாம்போ காய்ச்சலோ அல்ல, பிள்ளைகளின் படிப்பு. அன்றைய பிரிட்டிஷ் வழக்கம், எட்டு ஒன்பது வயதானால் ஊருக்கு அனுப்பிவிடுவது. அதிகாரியின் பிள்ளையோ, தோட்டத்துரையின் பிள்ளையோ, மிஷனரியின் பிள்ளையோ, எல்லோருக்கும் இதே விதி. இந்த விதியைத் தாங்க முடியாமல்தான் அமெரிக்க மிஷனரிப் பெற்றோர்கள் 1901-ல் கொடைக்கானலில் தங்களுக்கென்று ஒரு பள்ளி தொடங்கினார்கள். இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூலின் ஆரம்பம் அது.

பிராண்ட் தம்பதி பிரிட்டிஷ் வழக்கப்படியே செய்தார்கள். 1923-ல் குடும்பமாக இங்கிலாந்து போனார்கள். பாலுக்கு ஒன்பது வயது, கானிக்கு ஆறு. லண்டனில் பாட்டி வீட்டில், கல்யாணமாகாத அத்தை, சித்தி வயதுப் பெண்மணிகளிடம் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினார்கள். வெறுங்காலோடு மரம் ஏறிய பையனுக்கு ஷூ, காலர், பியானோ இருக்கும் வரவேற்பறை. வீடியோ கால் இல்லாத காலம். கப்பலில் வரும் கடிதம்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் கேள்வியே மறந்துபோகும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னும் ஓராண்டு இருந்தது. 1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. காரணம், கருநீர்க் காய்ச்சல் என்று சொல்லப்படும் மலேரியாச் சிக்கல். திரும்பத் திரும்ப மலேரியா வந்து, அதற்குத் திரும்பத் திரும்பக் கொய்னா சாப்பிட்டவர்களுக்கு வருவது. ரத்தச் சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் நின்றுவிடும். பதினாறு ஆண்டுகள் மலையில் தங்கியதன் விலை என்று சொல்லலாம். வாழவந்தியிலேயே அடக்கம்.

லண்டனுக்குத் தந்தி போனது. தந்தி வேகமானது, கடிதம் மெதுவானது. அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும், அவர் உயிரோடு இருந்தபோது கப்பலில் போட்ட கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. மலையைப் பற்றி, மரங்களைப் பற்றி, அடுத்த ஆண்டு சந்திக்கப்போவது பற்றி. பதினைந்து வயதை எட்டப்போகும் பையன் அவற்றைப் பிரித்துப் படித்தான். ஆறு ஆண்டுகளாக அப்பாவைப் பார்த்திராத பையன்.

இதைத் தியாகம் என்று சொல்லும் புத்தகங்கள் நிறைய. யாருடைய தியாகம் என்பதுதான் கேள்வி. போவதா இருப்பதா என்று முடிவெடுத்தவர்கள் பெரியவர்கள். அந்த முடிவில் பிள்ளைகளின் சம்மதம் கேட்கப்படவில்லை. வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

திருக்கோவிலூரில் இன்னொரு விதமான குடியேற்றம்

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்திலேயே இதே காலத்தில் வேறொரு மாதிரியும் நடந்தது. தென்னாற்காடு பகுதியில் வேலை செய்தது டேனிஷ் மிஷன். அதில் இளம்பெண்ணாக வந்து திருக்கோவிலூரில் பணியாற்றியவர் எஸ்தர் ஃபேரிங். 1917-ல் சக மிஷனரி ஆன் மேரி பீட்டர்சனோடு சபர்மதி ஆசிரமம் போய்க் காந்தியைப் பார்த்தார். காந்திக்கும் அவருக்கும் அப்பா - மகள் போன்ற கடிதப் பழக்கம் வளர்ந்தது. மிஷனுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் எஸ்தர் மிஷனை விட்டு விலகினார். மேனன் என்ற இந்திய மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டார். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் பெண்களுக்கான பள்ளி தொடங்கினார். அதற்கு 1921-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. அந்நிய நாட்டில் குடியேறுவது என்றால் அந்த நாட்டின் அரசியலிலும் பக்கம் எடுப்பதுதான் என்று நினைத்தவர்கள் இவர்கள். பிராண்ட் குடும்பம் அந்தப் பக்கம் போகவில்லை.

பாட்டி கிளம்பினார்

கணவர் போன பிறகு எவலின் இங்கிலாந்து சென்று, கொஞ்ச காலத்தில் தனியாகத் திரும்பி வந்தார். பிறகு நீண்ட காலம் மிஷன் அவரைச் சமவெளியில் வேலை பார்க்க வைத்தது. வயது 70-ஐ நெருங்கியது. மலைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். வயதாகிவிட்டது என்று மறுத்தார்கள். சரி என்று ரிட்டயர் ஆனார். வழியனுப்பு விழாவும் நடந்தது. அதன்பிறகு சொன்னார்: இனி நான் உங்கள் ஊழியர் இல்லை, நீங்கள் என்னைத் தடுக்க முடியாது, மலைக்குப் போகிறேன். நேராகக் கொல்லிமலையில் ஒரு சின்னக் குடிசை.

அங்கிருந்துதான் அந்தப் பழைய ஐந்து மலைப் பட்டியலைக் கையில் எடுத்தார். பச்சைமலை, கல்வராயன் என்று மட்டக்குதிரையில் போனார். பலமுறை விழுந்தார். 75 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்க வலியோடு கிடந்து, மறுநாள் ஆட்கள் தூக்கிக் கீழே கொண்டுவந்து, ஜீப்பில் ஏற்றி... மகன் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர், அதுவும் வேலூரில். போதும்மா, கீழே வந்துவிடு என்று மன்றாடினார். அந்த அம்மா கேட்ட எதிர்க்கேள்வி எளிமையானது: நான் வந்துவிட்டால் அங்கே பல்லைப் பிடுங்குவது யார், புண்ணைக் கழுவுவது யார்? பிறகு இரண்டு மூங்கில் தடிகளை ஊன்றிக்கொண்டு மறுபடி மேலே போய்விட்டார்.

மகனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொல்லவேண்டியது மகனும் அல்ல. எவலின் கல்வராயனுக்குப் போன காலத்தில் அந்த மலை முழுமையாக அரசின் கைக்கே வந்திருக்கவில்லை. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகை. நாடு விடுதலை அடைந்தது 1947-ல். கல்வராயன் ஜாகீர்கள் அரசுவசம் வந்தது 1976-ல். கிட்டத்தட்ட 29 ஆண்டு இடைவெளி. சாலை, பட்டா, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக மலையேற ஆரம்பித்தன. எழுபது எண்பது வயது வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி குதிரையில் மருந்துப் பெட்டியோடு வரவேண்டியிருந்தது என்பதில் அவருடைய பிடிவாதம் பாதி, மற்றவர்களின் இல்லாமை பாதி.

இப்போது எப்படி?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை தனி தாலுகா. 2022-ல் கள்ளக்குறிச்சிக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான பிறகு, கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டவை சாலை, பஸ், மருத்துவமனை, பள்ளி, ஆதார், ரேஷன் அட்டை. கிட்டத்தட்ட அதே பழைய கேள்விகள்தான்.

மலைப்பகுதியில் வேலை பார்க்கும் அரசு மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் ஊக்க மதிப்பெண் உண்டு. அது டாக்டரை மலைக்குக் கொண்டுவரும். குடும்பத்தைக் கொண்டுவருமா என்பது அடுத்த கதை. ஸ்கூல் கேள்விக்குப் பதில் இல்லாதவரை, சனிக்கிழமை மதியம் கீழே இறங்கும் பஸ்ஸில் ஆசிரியர்கள் கூட்டம் இருக்கத்தான் செய்யும். இதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒன்பது வயதில் லண்டனில் விடப்பட்ட பையனின் கதையைப் படித்த பிறகு யார்தான் சொல்வார்கள்?

பால் பிராண்ட் 1946-ல் டாக்டராக இந்தியா திரும்பி, வேலூரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் அழிகின்றன என்பதை நிறுவியது அவருடைய பெரும் பங்களிப்பு. 2003-ல் அமெரிக்காவில் இறந்தார்.

எவலின் 1974 டிசம்பர் 18-ல் 95 வயதில் காலமானார். கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. ஓவியம் படித்தவர், மலைகளை வாட்டர்கலரில் வரைந்தவர். வாழவந்தியில், 45 ஆண்டுகளுக்கு முன்பு புதைக்கப்பட்ட ஜெஸ்ஸியின் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். கொல்லிமலை மக்கள் திரண்டு வந்திருந்தார்கள்.